டெங்குக்குப் பிறகு அரை மாரத்தான்: விட்ட இடத்தில் தொடர்வதா, 10 கி.மீ.க்கு இறங்குவதா?

ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானைக் குறிவைத்து மதுரையில் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சங்கடம் உண்டு. தூரத்தைக் கூட்ட வேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் மழை பிடிக்கும். பின்னாலேயே டெங்குவும் வரும். போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது படுத்தால், காய்ச்சலுக்கே ஒரு வாரம் போய்விடும். காய்ச்சல் விட்ட பிறகும் குறைந்தது பத்து நாள் ஓடக்கூடாது. மிச்சம் ஐந்தரை வாரம். அதை வைத்துக்கொண்டு பழைய அட்டவணையைப் பிடித்து 21.1 கி.மீ.யே ஓடலாம், 10 கி.மீ. பிரிவுக்கு மாறலாம், இந்த ஆண்டு வேண்டாம் என்று விட்டும்விடலாம். எங்கள் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

முதல் வழியில் இருக்கும் ஆசை புரிகிறது. காய்ச்சலுக்கு முன் 14 கி.மீ. வரை வந்தவர், 16, 18 என்று ஏறி, கடைசிப் பத்து நாள் குறைத்துக்கொண்டால் போதும் என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஐந்தரை வாரத்தில் முதல் மூன்று வாரம் உடம்பு மீளவே சரியாக இருக்கும். மிச்சத்தில் 14-லிருந்து 18-க்கு ஏறினால் கெண்டைக்கால், முழங்கால் என்று எங்காவது பிடிக்கும். அப்போது மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் என்று வலிமாத்திரை வாங்கிப் போட்டு ஓடுவார்கள். டெங்குவில் குறைந்த தட்டணுக்கள் (பிளேட்லெட்) முழுதாக ஏறாத நேரத்தில் அந்த மாத்திரைகள் ரத்தக்கசிவை இழுத்துவிடும்.

தட்டணு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது, இனி ஓடலாம் என்பதும் தப்புக்கணக்கு. அந்த எண் ரத்தக்கசிவு பயம் குறைந்ததைச் சொல்லும். இதயமும் தசையும் தயாரா என்று அதற்குத் தெரியாது. பப்பாளி இலைச் சாறு, ஆட்டுக்கால் சூப் எல்லாம் குடிக்கட்டும். அட்டவணையில் ஒரு நாளைக்கூட அவை மிச்சம் பிடித்துத் தராது.

முடிவைச் சொல்லக்கூடியது காலையில் பார்க்கும் நாடித்துடிப்பு. இதில் மட்டும் சோம்பல் கூடாது. காய்ச்சலில் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 துடிப்பு கூடும். காய்ச்சல் இறங்கியும் அது உடனே பழைய நிலைக்கு வராது. படுக்கையில் கிடந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்திருக்கும். ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதே வேலைக்கு அதிகம் துடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு 150-இல் ஓடிய அதே வேகம் இப்போது 165-ஐக் கேட்கும்.

கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், மல்லாந்தபடியே பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கப் பள்ளத்தில் லேசாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பிடித்தால் அதன் துடிப்பையே எண்ணிவிடுவோம். முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புத் தவறு நான்காகிவிடும். பாத்ரூம் போய் வந்து, காபி குடித்து, போனைப் பார்த்துவிட்டு எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நோய்க்கு முன் 56 இருந்தவருக்கு 61 வரை வந்தால் அன்று நடை மட்டும். 66 என்றால் வீட்டிலேயே இருக்கட்டும். பழைய எண் குறித்து வைக்காதவர்கள், மூன்று காலை தொடர்ந்து எண் மேலும் இறங்காமல் நிலைத்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒன்றை மறக்கக் கூடாது: டெங்கு ஓய்ந்த நாட்களில் சிலருக்கு நாடி வழக்கத்தைவிடக் குறைந்தும் போகும். 56-க்குப் பதில் 46 காட்டி, எழுந்தால் தலைசுற்றலும் இருந்தால், அதை நல்ல உடற்தகுதி என்று எண்ணாமல் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

10 கி.மீ.க்கு இறங்கினால் மிச்சமுள்ள வாரங்கள் அளவாகப் பொருந்துகின்றன. தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கி.மீ. முதல் வாரம் இரண்டு சுற்று நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்து முறை. மூன்றாம் வாரம் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு முறை. நான்காம் வாரம் நிற்காமல் ஐந்து, ஆறு சுற்று. கூட வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். ஓடிய மறுநாள் காலை நாடி ஐந்துக்கு மேல் ஏறியிருந்தால், முன்வாரப் பாடத்தையே திரும்பச் செய்ய வேண்டும். அப்படி ஒரு வாரம் வீணானாலும் 10 கி.மீ. கைக்கு எட்டும். 21.1-க்கு அந்த இடைவெளி கிடையாது.

மூன்றாவது வழி சிலருக்குக் கட்டாயம். நெஞ்சுவலி, படபடப்பு, மாடிப்படி ஏறினாலே மூச்சிரைப்பு, மயக்கம் என ஒன்று இருந்தாலும் டாக்டர் இதயத்தைப் பார்த்துச் சொல்லும்வரை ஓட்டம் கிடையாது. இதயத்தசை அழற்சி என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு. வந்தது சிக்குன்குனியாவாக இருந்து, காலையில் கணுக்கால் வீங்கி மடக்க முடியாமல் இருந்தாலும் இந்த ஆண்டை விட்டுவிடுவதே நல்லது. டைபாய்டு போன்றவற்றுக்கு சிப்ரோஃபிளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டவர்கள், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாரைத் தினமும் விரலால் அழுத்திப் பாருங்கள். மருந்து முடிந்து சில மாதம் கழித்தும் அது அறுந்துபோக வாய்ப்புண்டு. வலித்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த நாடிக் கணக்கு செல்லாது. அந்த மருந்துகள் துடிப்பையே அடக்கி வைத்திருக்கும். 42 கி.மீ.க்குப் போகிறவர்களிடம் இதைப் போதுமான அளவு பார்த்ததில்லை என்பதால் அவர்களுக்கும் இதைச் சொல்ல மாட்டோம்.

பிரிவு மாற்றத்துக்குக் கடைசித் தேதி இருக்கும். காய்ச்சல் விட்ட வாரமே விசாரித்துவிடுங்கள். மாற்ற முடியாமல் போனால் எண் அட்டையை நண்பருக்குக் கொடுக்காதீர்கள். அவர் வழியில் விழுந்தால், ஆம்புலன்ஸில் இருப்பவர்கள் அட்டையில் பார்ப்பது உங்கள் ரத்த வகையையும் உங்கள் வீட்டு போன் எண்ணையும்தான். போட்டியன்று காலை நாடியை வைத்து எதையும் முடிவு செய்யவும் வேண்டாம். ராத்திரிப் பயணம், வேறு படுக்கை, பதற்றம் எல்லாம் சேர்ந்து ஐந்தாறு துடிப்பு தானாகவே கூடியிருக்கும். மதுரையில் ரயில் ஏறுவதற்கு முந்தைய மூன்று காலையில் எடுத்த எண்ணைப் பார்த்தாலே போதும்.