டப்ளினில் வீடு என்று சொல்லிச் சென்னையில் வாங்கிய 3,57,700 ரூபாய்

அயர்லாந்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பவிருப்பவர்கள் இதைப் படித்த பிறகே யாருக்காவது பணம் கட்டுங்கள். ஏமாந்தோம் என்பது நேற்று மாலைதான் எனக்கு உறுதியானது. எழுத்தில் பதற்றம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 3,57,700 ரூபாய்.

வெளிநாட்டுக்குக் குடிபெயர்பவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது முதல் வங்கிக் கணக்குத் திறப்பது வரை எல்லாம் செய்து தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம் அது. கோடம்பாக்கம் பக்கம் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் அலுவலகம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. அங்கிருந்தவர் சொன்ன தகவல்களை எல்லாம் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், ஒன்றுகூடத் தவறாக இல்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. டப்ளினில் இறங்கி 90 நாட்களுக்குள் குடியேற்றப் பதிவை முடிக்க வேண்டும், அதற்கு 300 யூரோ கட்டணம் என்றார்; சரியாக இருந்தது. வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் அங்கே தேவைப்படும் அடையாள எண்ணான பி.பி.எஸ். எண் இலவசம்தான், ஆனால் முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்காது, அந்த எண் வரும்வரை சம்பளத்தில் அவசரகால வரி என்று கூடுதலாகப் பிடிப்பார்கள் என்றார், அதுவும் சரி. 2021 முதல் அங்கே ஒரு மாத வாடகையும் ஒரு மாத முன்பணமும் தவிர வீட்டுக்காரர் முன்கூட்டி எதுவும் வாங்கக் கூடாது என்றார். வேளச்சேரியில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருந்த எனக்கு அது தேனாக இனித்தது.

அயர்லாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தும் எண்ணுமாக ஏழு இடத்தில் ஒரு தனிக் குறியீடு உண்டு. அவர் கொடுத்த குறியீட்டை வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். படத்தில் காட்டிய அதே நீலக் கதவு வந்து நின்றது. வீடு இருந்தது. அது யாருடையது என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.

இரண்டாம் முறை போனபோது என் மனைவியையும் மகளையும் அழைத்துப் போயிருந்தேன். காபி வரவழைத்துக் கொடுத்தார், என்னைப் போலத் தானும் அம்பத்தூர்க்காரர்தான் என்றார், மேசை இழுப்பறையைத் திறந்து, வெள்ளைச் சீட்டு ஒட்டிப் பச்சை மையில் வீட்டு எண் எழுதிய ஒரு சாவியை எடுத்து என் மகளின் கையில் வைத்து, "பாப்பா, உங்க வீட்டுச் சாவி, பத்திரமா வெச்சுக்கோ" என்றார். அந்த நிமிடத்தில் நான் பாதி டப்ளினுக்குப் போய்விட்டேன்.

வாடகையும் முன்பணமும் சேர்ந்து 2,900 யூரோ, அதற்கு 2,98,700 ரூபாய். சேவைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 59,000 ரூபாய். வீட்டுப் பணத்தை நானே வங்கி மூலம் யூரோவாக அனுப்பிவிடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். "வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பேங்க்ல ஏ2 படிவம், அது இதுன்னு நாலு நாள் இழுப்பாங்க சார், அதுக்குள்ள வீடு கை மாறிடும்; நீங்க ரூபாயா போடுங்க, அங்க நம்ம ஆளு யூரோவா கட்டிடுவாரு" என்றார். அவர் கொடுத்த கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு. "கம்பெனி பேருல அக்கவுண்ட் இல்லையாங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான்தான் அவளை அடக்கினேன். வேளச்சேரி வீட்டுக்காரர் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் முழுவதும், அதற்கு மேல் கையிருப்பும், அன்றே போனது.

பன்னிரண்டு நாள் கழித்து, டப்ளினில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஒரு பெட்டியை வைப்பதற்காக அந்த வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மூதாட்டி, பல வருடங்களாகத் தான் அங்கே குடியிருப்பதாகவும், வீட்டை வாடகைக்கு விடும் எண்ணமே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு கேட்ட பதில்களை வரிசையாக எழுதினாலே கை நடுங்குகிறது. நண்பர் வேறு கதவைத் தட்டியிருப்பார் என்றார்கள். அங்கே வாரக் கடைசி, திங்கட்கிழமை பேசுகிறோம் என்றார்கள். திங்கட்கிழமை, அந்தக் கோப்பைப் பார்ப்பவர் விடுப்பில். புகார் கொடுத்தால் உங்கள் விசாவுக்குத்தான் சிக்கல் என்று மிரட்டலும் வந்தது. நேரில் போனால், அந்த மேசை மாத வாடகைக்கு எடுத்தது, போன வாரமே காலி செய்துவிட்டார்கள் என்று வளாகத்துக் காவலாளி சொன்னார். காவல் நிலையத்தில், இது கொடுக்கல் வாங்கல் விவகாரம் போல இருக்கிறதே என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்த பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள். இணையவழி நிதி மோசடிகளுக்கான 1930 உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன், ஆனால் பணம் கணக்குக்குப் போன அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தால், 59,000 ரூபாய்க்கு ஜிஎஸ்டி வாங்கிய இடத்தில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. இதை நான் அன்றைக்கே பார்த்திருக்கலாம்.

குளிர்சாதனப் பெட்டி, கட்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பம்மலில் மாமனார் வீட்டில் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறோம். இன்னும் ஒன்பது நாளில் விமானம். மனைவியும் மகளும் இப்போது வரவில்லை. நான் மட்டும் போய் நண்பரின் அறையில் தங்கப் போகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வெளிநாட்டு வீட்டுக்கு இங்கே ரூபாயில் பணம் கட்டாதீர்கள். தனிநபர் கணக்கில் போடவே போடாதீர்கள். அங்கே இருக்கும் யாராவது ஒருவர் நேரில் போய் வீட்டின் உள்ளே நின்று பேசும்வரை காத்திருங்கள், முதல் இரண்டு வாரம் விடுதியில் தங்கினாலும் 3,57,700 ரூபாய் ஆகாது. பணம் போனது தெரிந்தால் அந்த மணி நேரமே 1930-ஐ அழையுங்கள்.

மகள் இன்னும் அந்தச் சாவியைத் தன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். நேற்று அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய்ப் பம்மலில் தெருமுனையில் பூட்டு ரிப்பேர் செய்பவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், இது பீரோ சாவி" என்றார்.