தண்ணீர்த் தட்டும் 70-300 லென்ஸும்: மூன்று வருட அனுபவம்

வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை மூன்று வருடமாகப் படம் எடுக்கிறேன். கையில் இருப்பது சாதாரண மிரர்லெஸ் கேமரா, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் ஒரு 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ், அப்புறம் இரண்டு அங்குல ஆழம்கூட இல்லாத மண் தட்டு. மூன்றில் எனக்கு அதிகம் உழைத்தது தட்டுதான்.

முதல் வருடம் தானியம் வைத்தேன். புறாவும் அணிலும் தின்றுவிட்டுப் போயின. புழு பூச்சி தின்னும் பறவைக்குத் தானியம் எதற்கு? ஆனால் குளிக்கவும் குடிக்கவும் அதுவும் தண்ணீரைத் தேடி வரும். தட்டை மரத்தடி நிழலுக்கு மாற்றி, சுற்றியுள்ள சருகைக் கூட்டாமல் விட்ட பிறகுதான் அதுவரை பார்க்காத பறவைகள் வர ஆரம்பித்தன. தண்ணீரை மட்டும் தினமும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கொசுப்புழு வந்துவிடும்.

ஆறுமணிக்குருவி வந்தது ஓர் அக்டோபர் சாயங்காலம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வலசை வரும் பறவை இது. அலகால் சருகைத் தள்ளிவிட்டு, குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நின்றது, அடிவயிற்றுச் சிவப்பு அந்த மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது. ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று காலை வெளிச்சத்துக்கு வைத்த அமைப்பை மாற்ற மறந்ததால் எடுத்த பத்துப் படமும் இருட்டு. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. இந்த முறை 1/125, ஐஎஸ்ஓ 3200. இரை தேடும்போது இடையிடையே அசையாமல் நிற்கும் பறவைக்கு அது போதும். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் வரும் புள்ளிகளை (நாய்ஸ்) பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

அரசவால் ஈப்பிடிப்பான் அப்படி இல்லை. கிளையிலிருந்து தண்ணீரில் பாய்ந்து, நனைந்த நீள வாலோடு மேலே போய் உட்கார்ந்து, மறுபடி பாயும். பறக்கும்போது துரத்திப் பிடிக்க என் லென்ஸின் ஆட்டோஃபோகஸுக்கு வேகம் போதாது, அதனால் அது திரும்பி வரும் கிளையில் முன்னாலேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பேன். சைலன்ட் ஷட்டரில் பறவை மிரளாது, ஆனால் சிறகடிக்கும்போது எடுத்தால் இறகு கோணலாக வளைந்து பதியும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

எப்போது எட்டிப் பார்ப்பது என்பதைத் தவிட்டுக்குருவிகளே சொல்லிவிடும். கூட்டமாகக் கத்தினால் பூனையோ பாம்போ ஆந்தையோ பக்கத்தில் இருக்கும். ஒருமுறை அப்படிப் போய்த்தான் வல்லூறு என்ற வேட்டைப் பறவையைப் படம் எடுத்தேன். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கச் சிலர் சொன்னார்கள். செய்ய மாட்டேன். அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்?

இந்த வருடம் செந்தலைப் பூங்குருவி ஒன்று வந்து போகிறது. எப்போதும் பூந்தொட்டிக்குப் பின்னாலேயே நிற்பதால் இதுவரை தலை மட்டும்தான் கிடைத்திருக்கிறது. தொட்டியை நகர்த்தலாம்தான், ஆனால் அந்த மறைவை நம்பித்தான் அது வருகிறது என்று தோன்றுவதால் அப்படியே விட்டிருக்கிறேன்.