விழுந்த பல்லைத் திரும்ப வைத்தபின் "வலி இல்லையே, விடுங்க" என்றால் நம்பாதீர்கள்

என் மகனுக்கு 11 வயது. பள்ளி மைதானப் படியில் தடுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று வந்துவிட்டது. பி.டி. சார் பதறாமல் பல்லை எடுத்து, கேன்டீனில் ஆறிய பால் வாங்கி அதில் போட்டுக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் தென்சென்னையில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் அதைத் திரும்பப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்து ஒட்டினார்கள். டி.டி. ஊசி, ஆன்டிபயாடிக் எல்லாம் கொடுத்தார்கள். அன்றைய வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேர் நுனி மூடிய, அதாவது வேர் முழுசாக வளர்ந்து முடிந்த நிலைப்பல் இப்படிக் கழன்று விழுந்தால் உள்ளே இருக்கும் நரம்பு பிழைக்காது. அதனால் 2 வாரத்துக்குள் வேர் சிகிச்சையை (ரூட் கெனால்) தொடங்கி, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைக்க வேண்டும். கம்பியும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற மெல்லிய கம்பியாக இருக்க வேண்டும், வழக்கமாக 2 வாரத்தில் எடுத்துவிட வேண்டும். பல் விபத்துகளுக்கான சர்வதேசச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலில் இருக்கும் விஷயம் இது. (வேர் நுனி இன்னும் மூடாத சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வேறு. அவர்களுக்கு நரம்புக்கு ரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்பு உண்டு என்பதால் காத்திருந்து பார்ப்பார்கள். ஆனால் அதற்கும் அடுத்தடுத்து எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.)

எங்களுக்கு நடந்தது என்ன? தடித்த கம்பியை இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுவைத்தார்கள். "நல்லா புடிச்சுக்கட்டும் சார்." வேர் சிகிச்சை பற்றிக் கேட்டதற்கு, "வலி இருக்கா தம்பி? இல்லையா? அப்ப எதுக்கு?" செத்த நரம்பு எப்படி வலிக்கும்! ஒவ்வொரு முறை போனபோதும் கண்ணாடியை வாயில் விட்டுப் பார்த்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பல் சாம்பல் நிறமானதும், 'பிரீமியம்' கேப் என்று 16,000 ரூபாய்க்கு ஒன்றை மாட்டினார்கள். கேப் போடும் முன்பும் எக்ஸ்ரே இல்லை.

ஈறில் சிறு கொப்புளம் வந்து சீழ் கசிந்த பிறகு, நான் வற்புறுத்தியதால் படம் எடுத்தார்கள். வேரின் ஒரு பக்கம் எலி கொறித்த மாதிரி குழிகுழியாக இருந்தது, அதை ஒட்டிய எலும்பும் கரைந்து கறுப்பாகத் தெரிந்தது. செத்த நரம்பில் வளர்ந்த கிருமிகளின் நச்சு, வேரின் நுண்குழாய்கள் வழியாக வெளியே கசிகிறது. அடிபட்ட இடத்தில் உடம்பின் செல்களே வேரை அரிக்கத் தொடங்குகின்றன. பிள்ளைகளுக்கு அந்தக் குழாய்கள் அகலம் என்பதால் வேகமாக நடக்கும், வாரக்கணக்கில் கூட.

அந்தப் படத்தைக் காட்டிவிட்டு அதே வாயால் சொன்னார்கள்: "எடுத்துட்டு இம்ப்ளான்ட் போட்டுடலாம். அட்வான்ஸ் 25,000 கட்டிடுங்க." எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல், பதினோரு வயதுப் பிள்ளைக்கு! தாடை வளர வளர மற்றப் பற்கள் கீழே இறங்கும், இம்ப்ளான்ட் போட்ட இடத்திலேயே நிற்கும். வளர்ச்சி முடியும் முன் அதைப் போட மாட்டார்கள் என்பது பல் மருத்துவத்தில் பாலபாடம்.

பணம் கட்டாமல், அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் பல் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா கேப்பைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் பக்கத்துப் பல்லைத் தட்டினார். மந்தமான சத்தம். அப்புறம் இந்தப் பல்லைத் தட்டினார். 'நங்'கென்று உலோகத்தைத் தட்டின மாதிரி. "கொஞ்ச இடத்துல எலும்போட ஒட்டிடுச்சுங்க" என்றார். வேருக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் சவ்வு செத்தால் இப்படி ஆகும். விறைப்பான கம்பியை மாதக்கணக்கில் விட்டதும் அதற்குத் துணைபோயிருக்கலாமாம்.

வேரைச் சுத்தம் செய்து கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தார்கள். கிருமியால் வந்த அரிப்பு நின்றது அடுத்தடுத்த படங்களில் தெரிகிறது, கொப்புளமும் போய்விட்டது. ஆனால் எலும்போடு ஒட்டியதற்கு மருந்து கிடையாது. அந்த இடத்தில் வேர் மெல்ல மெல்ல எலும்பாக மாறிவிடும், பையன் வளர வளர அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும். மற்றப் பற்களோடு இறங்காமல் ரொம்பவும் மேலேயே நின்றுவிட்டால், மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடுவார்களாம். அப்போதுதான் எலும்பின் உயரமும் அகலமும் காப்பாற்றப்படும். முழுசாகப் பிடுங்கினால் எலும்பும் சேர்ந்து போகும்.

இனி மோசடிக்கு வருகிறேன். பழைய தனியார் கிளினிக்கில் ஃபைலைக் கேட்டால் "சிஸ்டத்துல இல்ல" என்றார்கள். விடாமல் கேட்டு விவரமான பில் வாங்கினேன். ஒவ்வொரு ரிவ்யூ தேதிக்கும் நேரே 'எக்ஸ்ரே' என்று தொகை போட்டிருந்தது. எடுக்காத எக்ஸ்ரேவுக்கு! படங்களைக் காட்டுங்கள் என்றதும் ரிசப்ஷன் பெண் உள்ளே போனார், மேலாளர் வெளியே வந்தார், குரல் பணிவானது.

இதே மாதிரி அடிபட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பில்லில் எக்ஸ்ரே என்று எழுதியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் படத்தை அன்றைக்கே போனில் வாங்கிவிடுங்கள். வேர் சிகிச்சை வேண்டாம் என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். புகாருக்கு மாநிலப் பல் மருத்துவ மன்றம் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், 'புகார் ஏதுமில்லை' என்று கையெழுத்துப் போடுங்கள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். போடவில்லை. எக்ஸ்ரே படங்களைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது.