பிரேக் பைப் முழுவதையும் மாற்றியதாக 14,800 ரூபாய் பில். மாற்றியதோ ஒன்றரை அடி

பழைய கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கடலோரத்தில் குடியிருப்பவர்கள், பிரேக் வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். செயலியில் பதிவு செய்தால் வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துச் சென்று, எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பழுதுபார்த்துத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு சேவைக்கு 14,800 ரூபாயைக் கட்டிவிட்டு, அதோடு உயிரையும் கொடுக்க இருந்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வண்டிக்கு 11 வயது. உப்புக்காற்றில் அடிப்பாகம் அரிப்பது இங்கே புதிதல்ல. பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் மண்ணும் ஈரமும் தங்கிவிடுவதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் துளை விழும். என் வண்டியிலும் பின்சக்கரத்துக்குப் போகும் இரும்பு பைப் கசிந்து, பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தது.

வண்டியை எடுத்துச் சென்ற அன்று மாலையே ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் வீடியோ அழைப்பில் வந்தார். லிஃப்டில் ஏற்றிய வண்டிக்கு அடியில் நின்றுகொண்டு, துருவேறிய பைப்பை ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டிக் காட்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. "சார், இதை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டா அடுத்த மாசம் பக்கத்துல ஓட்டை விழும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், மொத்தமா மாத்திடலாம்" என்றார். பிறகு, வளையமாகச் சுற்றிய செந்நிறப் பைப் ஒன்றைக் கேமராவுக்கு நேரே பிடித்து, விரலாலேயே வளைத்துக் காட்டி, இது செம்பும் நிக்கலும் கலந்தது, துருவே பிடிக்காது என்றார். அப்படியொரு பைப் உண்மையிலேயே உண்டு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் துருப்பிடித்த பைப்புக்குப் பதிலாக அதைப் போடுகிறார்கள் என்று நானும் படித்திருந்தேன். அந்த மனிதர் வாயால் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை என்பதுதான் இன்றைக்கும் வயிறெரிய வைக்கிறது. இவ்வளவு தெரிந்தவர் வேலையையும் அப்படியே செய்வார் என்று நம்பி, 14,800 ரூபாயை அப்போதே கட்டினேன்.

வண்டி திரும்பி வந்த சில நாட்களில், எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபோது, பெடல் பாதிக்கு மேல் இறங்கிப்போய் டேஷ்போர்டில் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கை இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரித்து வைத்திருப்பதால் மற்றொரு சுற்று பிடித்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து ஒருவழியாக நிறுத்தினேன். மனைவியும் மகளும் வண்டிக்குள் இருந்தார்கள்.

இழுவை வண்டியில் ஏற்றிப்போய், எனக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். அவர் டார்ச் அடித்து என்னையே பார்க்கச் சொன்னார். முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுவது அதே பழைய இரும்பு பைப். அதன்மேல் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். கசிந்த இடத்தில் மட்டும் ஒன்றரை அடி வெட்டிவிட்டு, ஃபிரிட்ஜ் வேலைக்கு வாங்கும் சாதாச் செம்புக் குழாயைச் செருகியிருந்தார்கள். ஒரு முனையில், பித்தளை வளையத்தை நட்டு போட்டு இறுக்கும் தண்ணீர்க் குழாய் இணைப்பு. மறுமுனையில் ஒற்றை மடிப்பு ஃபிளேர், அதாவது ஒரே சுவராக விரித்துவிட்ட குழாய் வாய். அந்த ஃபிளேரின் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு விரிசல் ஓடியது, ஆயில் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. மரையில் வெள்ளை டெஃப்லான் டேப் வேறு சுற்றியிருந்தார்கள்; அது எதற்கு என்று தெரியவில்லை, ஏனென்றால் பிரேக் பைப்பில் மரை எதையும் அடைப்பதில்லை, விரிந்த வாய் எதிர்ப்பக்க இருக்கையில் அழுந்தி உட்கார்ந்துதான் ஆயிலை நிறுத்துகிறது. அதற்காகவே நட்டை முதலில் பைப்பில் கோத்து, கட்டரால் நேராக வெட்டி, பிசிறு நீக்கி, வாயை விரித்து உள்ளே மடித்து இரட்டைச் சுவராக்குகிறார்கள். குமிழ் வடிவ ஃபிளேர் என்று வேறொரு வகையும் உண்டு. ஒரு வகைக்கென அமைத்த இருக்கையில் மற்றொரு வகை சரியாக உட்காராது. இங்கே ஆக்சா பிளேடால் அறுத்த தடம் அப்படியே தெரிந்தது. டயரில் காற்று 30 பிஎஸ்ஐ அளவு என்றால், அழுத்தி மிதித்த பிரேக்கில் 1,000 பிஎஸ்ஐக்கும் மேலே போகும். அந்த அழுத்தத்துக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பைப் போட்டுவிட்டு 14,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அன்றிரவே படங்களோடு புகார் கொடுத்தேன். உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அடுத்துப் பேசிய பெண், வேலையைச் செய்தது கூட்டாளி ஒர்க்‌ஷாப், தாங்கள் இணைத்துவிடுபவர்கள் மட்டுமே என்றார். பொறுப்பாளரோ, "ஆப்ல டிக்கெட் போடுங்க சார், நேரடியா பேச எனக்கு அனுமதி இல்ல" என்றார். டிக்கெட் போட்டால், வேறு மெக்கானிக் கைவைத்ததால் வாரண்டி செல்லாது என்று மூடிவிட்டார்கள். அவர் பார்க்கத்தான் செய்தார், எதையும் கழற்றவில்லை என்று எழுதியதற்கு, பழைய வண்டிகளில் இதெல்லாம் இயல்பு என்று பதில். பில்லில் 'செம்பு நிக்கல் லைன், முழு செட்' என்று அச்சாகியிருக்கிறதே என்றால், அது கணினி தானாக எடுத்துக்கொள்ளும் பெயராம். கடைசியில் நல்லெண்ண அடிப்படையில் 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம், அதையும் அடுத்த சர்வீஸில்தான் கழிக்க முடியுமாம். 14,800 ரூபாயைப் பறிகொடுத்தவன் மறுபடி அவர்களிடமே வண்டியை விட வேண்டும்.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்குப் பொறுமை இவ்வளவுதான். கழற்றிய பழைய பைப்பைக் கையில் கேளுங்கள். முழு நீளம் மாற்றியிருந்தால் பழையதும் முழு நீளத்துக்கு இருக்கும். லிஃப்டில் இருக்கும்போதே அடியில் போய்ப் பாருங்கள். பித்தளை வளைய இணைப்போ வெள்ளை டேப்போ தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தியே பிடித்திருங்கள், மெல்ல இறங்கினால் பணம் கட்டாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நானும் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. பில்லையும் உரையாடலையும் செயலியிலிருந்து உடனே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், என் புகாரை மூடியவுடன் அதிலிருந்த பேச்சு முழுவதும் அங்கே காணாமல் போய்விட்டது.