ஒரே சட்டியில் ராத்திரி மீன்: ஜிலேபியா, கட்லாவா, சங்கராவா?

வேலூரிலிருந்து சென்னைக் கடற்கரை சுமார் 140 கிலோமீட்டர். காசிமேட்டுச் சங்கரா ஐஸில் கிடந்துதான் நம் சட்டிக்கு வந்து சேரும். காவேரிப்பாக்கம் போன்ற பக்கத்து ஏரிகளில் பிடித்த மீனோ காலையில் துள்ளியது ராத்திரி சட்டியில் இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில், குழந்தைகளும் பயமின்றிச் சாப்பிடும்படி சமைக்க மீன் புதுசாக இருந்தால் மட்டும் போதாது. முள்ளையும் சதை எவ்வளவு உறுதி என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே. நாலு பேருக்குச் சுத்தம் செய்த மீன் 750 கிராம். உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள் தடவிப் பத்து நிமிடம் வையுங்கள். அகலமான இரும்புச் சட்டியில் 3 டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய் காய்ந்ததும் இருபுறமும் சிவக்கவிட்டுத் தட்டில் எடுங்கள். அதே எண்ணெயில் கால் டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு 10 பல், சின்ன வெங்காயம் 150 கிராம், தக்காளி 2 வதக்கி, மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், தேவையான உப்பு சேருங்கள். எண்ணெய் பிரிந்த பிறகே நெல்லிக்காய் அளவு புளியை 150 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் தூள் வறுபடாது. எவ்வளவு கொதித்தாலும் பச்சை வாசனை நிற்கும். கொதி வந்ததும் மீனை அடுக்கி மூடிவிடுங்கள்.

வார நாளுக்கு என் ஓட்டு ஜிலேபிக்கே. சதைக்குள் மெல்லிய இடைமுள் கிடையாது. நடுமுள்ளை எடுத்தால் சதை தனியாக வந்துவிடும். கால் கிலோ சைஸில் முழுசாகவே போட்டு, இருபுறமும் முள் வரை மூன்று கீறல் போடுங்கள். பக்கத்துக்கு 3 நிமிடம், மசாலாவில் 5 நிமிடம். குறை என்றால் மண்வாடைதான். ஏரிப் பாசியில் உண்டாகும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால் வருவது அது. வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. புளிப்புதான் அதை முறிக்கும். கல்லுப்பு போட்டுத் தேய்த்து, அரை எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புத் தோலையும் சுரண்டி எடுங்கள், கசப்பு அதில்தான்.

கட்லாவின் ருசி ஜிலேபியை விட ஒரு படி மேல். கொழுப்பு மசாலாவில் இறங்கிக் குழம்பே கனமாகும். ஆனால் கவட்டை போலப் பிரிந்த இடைமுள் முதுகிலும் வாலிலும் நிறைய. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட மீனாக வாங்கினால் முள் பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுத் துண்டைக் குழந்தைகளுக்கு வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கனத் துண்டு மசாலாவில் 7, 8 நிமிடம் வேக வேண்டும். கேழ்வரகுக் களிக்கு இதுதான் ஜோடி; அரை டம்ளர் தண்ணீர் கூட்டி, குழம்பைத் தளர இறக்குங்கள்.

சங்கராவில் மண்வாடை இல்லை, புளி பாதி போதும். சதை மென்மை என்பதால் பக்கத்துக்கு 2 நிமிடம், மசாலாவில் 3 நிமிடம்; மிஞ்சினால் உதிர்ந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளும் சங்கராவைத் தேடி அலையாமல் ஏரி மீனுக்குப் போங்கள்.

எந்த மீனானாலும் சட்டியில் ஒட்டுவதற்குக் காரணம் இரண்டு: ஈரம், அவசரம். துணியால் ஒற்றி எடுங்கள். அடிப்பக்கம் மொறுமொறுத்தால் மீன் தானே விட்டுக்கொடுக்கும். அதுவரை கரண்டி வேண்டாம். மசாலாவில் இறக்கிய பிறகும் கிளறாமல், சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். புளி இரும்பிலேயே கிடந்தால் குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.