மூளையில் பலத்த அடி: அடுத்து மறுவாழ்வு மையமா, வீடா?

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்ததும் குடும்பம் திணறும் இடம் இதுதான். சில வாரம் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, நேராக வீட்டுக்கே கூட்டிப் போவதா?

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2000-இல் வெளியானது. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், தலையில் அடிபட்ட 120 படையினரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருத்துவமனையிலேயே 8 வாரப் பயிற்சி. மற்றவர்கள் வீட்டில் தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். வாரம் ஒருமுறை நர்ஸ் ஃபோனில் பேசினார். ஓராண்டு கழித்து வேலைக்குத் திரும்பியவர்கள் மருத்துவமனைப் பிரிவில் 90 சதவீதம், வீட்டுப் பிரிவில் 94.

அப்போ வீடே போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே எழுந்து நடமாடும் நிலையில் இருந்தவர்கள். அதிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்து கிடந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, மீண்டும் படைப் பணிக்குத் தகுதியானவர்கள் மருத்துவமனைப் பிரிவில் 80 சதவீதம், வீட்டில் 58. பிற்பாடு பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாதுதான். ஆனாலும் காயம் பெரிதென்றால் முதலில் மையம் என்பேன். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போவது, தசை இறுகி மூட்டு மடங்கிவிடுவது, வலிப்பு, இது எந்த இடம் என்றே தெரியாத குழப்பம்: இவற்றைப் பாசத்தால் மட்டும் சமாளிக்க முடியாது.

மையத்துக்கும் பெரிய குறை உண்டு. அங்கே கற்றது பல நேரம் வீடுவரை வருவதில்லை. மையத்து அடுப்பைச் சரியாகப் பற்றவைத்தவர், சொந்த அடுப்பின் முன் திகைத்து நிற்பார். குழப்பம் தெளிந்த பிறகு நான் வீட்டுப் பக்கம் சாய்வது இதனால்தான். ஆனால் சொல்லிக்கொடுக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். 'தப்பு செய்து கற்றுக்கொள்ளட்டும்' என்று விடக்கூடாது. நினைவாற்றல் குலைந்தவருக்கு அந்தத் தப்பே பதிந்துபோகும். அவர் யோசித்துத் தடுமாறும் முன்பே சரியான அடுத்த படியைச் சொல்லிவிடுங்கள். குறிப்பேடு எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மருந்து நேரத்துக்கு ஃபோனில் அலாரம் வையுங்கள்.

இன்னொன்று. அந்த ஆய்வில் வீட்டுக்குப் போனவர்களை யாரும் கைகழுவிவிடவில்லை; வாரந்தோறும் விசாரிக்க ஒரு நர்ஸ் இருந்தார். உங்களுக்கு அப்படி அழைத்துப் பேசப்போவது யார் என்பதை, டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.