முன்னாள் ராணுவத்தினருக்கான நினைவு நூல் சேவை: எங்கள் அனுபவம்

முன்னாள் ராணுவத்தினரின் வாழ்க்கையை நினைவு நூலாகத் தொகுத்து அச்சிட்டுத் தரும் சேவை ஒன்றை, அப்பா மறைந்து ஓராண்டு கழித்து, அக்காவும் நானும் தம்பியும் சேர்ந்து அமர்த்தினோம். பழைய படங்கள், கடிதங்கள், பணி ஆவணங்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் நாம் அனுப்பிவைக்க வேண்டும். அவர்கள் அவற்றை ஸ்கேன் செய்து, குடும்பத்தாரிடம் தொலைபேசியில் பேசி, வாழ்க்கை வரலாற்றை எழுதி, கெட்டி அட்டை போட்ட நூலாக்கி, மூலங்களைத் திருப்பி அனுப்புவார்கள். எங்களுக்குப் பதினொரு வாரங்கள் ஆயின. நூல் 112 பக்கம் வந்தது. ஸ்கேன் செய்தவர்களைக் கைகூப்பிப் பாராட்டுவேன். எழுதியவர்கள்மேல் ஒரு கண் வைத்தே இருக்க வேண்டும் என்பேன்.

அப்பா விடுப்பில் வந்தபோது எடுத்த படங்களை, 1970களிலும் 80களிலும் பரவலாக விற்ற பசைப் பக்க ஆல்பத்தில் அம்மா வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் படத்தை வைத்து மூடினால் தானே ஒட்டிக்கொள்ளும் வகை அது. நாளடைவில் பசை மஞ்சளித்து இறுகிவிடுவதால், அவசரப்பட்டுப் பிய்த்தால் படத்தின் முதுகு ஆல்பத்திலேயே தங்கிவிடும். நாங்களே முயன்று ஒரு படத்தைக் கெடுத்தோம். அவர்களோ, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே செலுத்தி, அறுப்பதுபோல் மெல்ல மெல்ல இழுத்து, மீதியிருந்த படங்களைக் கிழியாமல் எடுத்திருந்தார்கள். கடிதங்கள் மெல்லிய தாளில் இருபுறமும் எழுதப்பட்டவை. பின்பக்க மை முன்பக்கத்தில் தெரியாதிருக்க, ஒவ்வொன்றின் பின்னாலும் கறுப்புத் தாள் வைத்து ஸ்கேன் செய்திருந்தார்கள். கோப்புகளை 600 டிபிஐ அளவில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவில் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திருத்தித் திருத்திச் சேமித்தால் வழக்கமான ஜேபெக் (JPEG) படக் கோப்பின் தரம் குறைந்துகொண்டே போகும். டிஃப் கோப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றித் தருவதையும் தங்கள் சிறப்பாகச் சொல்கிறார்கள். சாதாரணப் படங்களுக்கு அது கண்ணுக்கு இனிதாக இருக்கலாம். சீருடைப் படத்துக்கு அதைக் கேட்காதீர்கள். எந்தப் பதக்கம் என்பதை ரிப்பனின் வண்ணக் கோடுகளே சொல்லும்; கறுப்பு வெள்ளையிலோ சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழங்கிய, சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோக்ரோமாட்டிக் பிலிமில் அந்த நிறம் ஏறக்குறையக் கறுப்பாகவே பதியும் என்பதால், தாத்தா காலத்துப் படங்களில் குழப்பம் இன்னும் கூடுதல். மென்பொருள் ஊகித்துப் பூசிய வண்ணத்தில், அப்பாவின் மார்பில் அவர் வாங்கவே வாங்காத பதக்கங்கள் தொங்கின. அசல் ரிப்பன்களையும் பெட்டியில் வைத்துத்தானே அனுப்பியிருந்தோம், எடுத்துப் பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

மாதிரிப் படியில் இன்னொரு பிழையைத் தம்பி கண்டுபிடித்தான். ஒரு படத்தில் பதக்கங்கள் வலது மார்பில் இருந்தன. நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்ததால் படம் கண்ணாடி பிம்பமாகிவிட்டது. சட்டையின் பொத்தான்களும் பக்கம் மாறியிருந்தன. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், தான் பெற்ற பதக்கத்தை இடப்புறமும், இறந்துபோன உறவினரின் பதக்கத்தை வலப்புறமும் அணிவதுதான் மரபு. விவரம் அறிந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால், அப்பா வேறு யாரோ ஈட்டிய பதக்கங்களை அணிந்து நிற்பதாகவே எடுத்துக்கொள்வார். சுட்டிக்காட்டிய மறுநாளே திருத்திவிட்டார்கள்.

இனி எழுத்தைப் பற்றி. எங்களுக்கு அனுப்பிய கேள்வித்தாளில் நாற்பது கேள்விகள். அவற்றில் வீட்டைப் பற்றியவை ஆறு. பணியில் சேர்ந்த நாள், பயிற்சி, பதவி உயர்வு, ஓய்வு என்று, பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் தரும் பணிப் பதிவான டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே நூலும் நடந்தது. தேதிகளில் ஒரு பிழைகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களிலிருந்து எட்டு வரிதான் எடுத்திருந்தார்கள். காரணம் கேட்டதற்கு, பணியைப் பற்றி அவற்றில் செய்தியே இல்லை என்றார் தொகுப்பாளர். எப்படி இருக்கும்? போர்க்காலத்தில் இருக்கும் இடத்தையும் படையின் நடமாட்டத்தையும் கடிதத்தில் எழுத ராணுவங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் அப்பா தான் இருந்த இடத்தைப் பற்றி ஒன்றுமே எழுதாமல், தாள் முழுக்க வீட்டை விசாரித்தே நிரப்பினார். தம்பிக்குப் பல் முளைத்ததா, அக்கா கணக்கில் எத்தனை வாங்கினாள், கதவின் கீல் இன்னும் கிறீச்சிடுகிறதா, தான் வரும்வரை அதில் யாரும் கைவைக்க வேண்டாம். எங்களைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கை வரலாறு இதுதான். தொகுப்பாளர் இதைப் புரிந்துகொள்ள மூன்று தொலைபேசி உரையாடல்கள் தேவைப்பட்டன. புரிந்துகொண்டபின் கடிதங்களுக்கென்று தனியாக இருபது பக்கம் ஒதுக்கினார்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் உறைக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் பென்சிலால் வரைந்த ஒரு குழந்தையின் பாதம். கட்டைவிரலுக்கு அருகே கோடு இரண்டாகப் பிரிந்து, மீண்டும் சேர்கிறது. கீழே அம்மாவின் கையெழுத்தில், “இடது கால். வலது காலை வரைய விடமாட்டேன் என்கிறாள்” என்று இருக்கிறது. அக்காவுக்குச் செருப்பு வாங்குவதற்காக அப்பா அளவு கேட்டு எழுதிய கடிதமும் மற்றக் கடிதங்களோடு இருந்தது. செருப்பு வந்த பிறகும் அவர் அந்தத் தாளை ஓய்வு பெறும்வரை கூடவே வைத்திருந்திருக்கிறார். சேவையினர் கொடுத்த பட்டியலில் அது “சேர்க்க வேண்டாதவை” என்ற தலைப்பின்கீழ் இருந்தது. எதிர்ப்புறப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்த அதன் பென்சில் பதிவையும் கறை என்று நீக்கியிருந்தார்கள்.

இவர்களிடம் கொடுக்கப்போகிறவர்கள், அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் எண்ணிட்டு, அது என்ன என்பதை ஒரு வரியிலாவது எழுதி அனுப்புங்கள். பதக்கங்களைப் பளபளப்பாக்கித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தேய்க்கத் தேய்க்க விளிம்பில் பொறித்த எழுத்தும் தேயும். ஆவணங்களைப் பிவிசி என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அது நாளடைவில் அமிலம் கக்கும் பொருள் என்பதால், வந்தவுடன் பாலியஸ்டர் உறைக்கோ அமிலமில்லாத தாளுறைக்கோ மாற்றிவிட வேண்டும். மாதிரிப் படியை நிதானமாகப் பார்த்துத் திருத்தச் சொன்னால் முகம் சுளிப்பதில்லை. இரண்டு முறை திருத்தியதற்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை.

இறுதிப் படியில் அந்தப் பாதம் 87ஆம் பக்கத்தில், அசல் அளவிலேயே, விளக்கவுரை எதுவும் இல்லாமல் அச்சாகியிருக்கிறது. பிரிந்து சேரும் கோடு தெளிவாகத் தெரிகிறது.